துப்பாக்கி, கரால், காலர்

முதுமலை தெப்பக்காடு முகாமில் மூர்த்தி என்றொரு மக்னா இருந்தது. தந்தம் முளைக்காத ஆண் யானையைத்தான் மக்னா என்பார்கள். அந்த முகாமின் சாதுவான யானைகளில் ஒன்று என்று பெயரெடுத்தது அது. 2024 அக்டோபரில் முதுமையில் இறந்தபோது நாளேடுகள் அதற்கு இரங்கல் எழுதின.

அதே மூர்த்தி, 1998க்கு முன்பு கேரளத்திலும் தமிழக எல்லையிலுமாக இருபது பேருக்கு மேல் கொன்ற யானை. கேரளம் அதைச் சுட்டுக் கொல்ல உத்தரவு போட்டது. சுடுவதற்குள் எல்லை தாண்டிக் கூடலூர்ப் பக்கம் வந்துவிட்டது. வந்த இடத்திலும் ஆள் கொலை. தமிழக வனத்துறை சுடவில்லை. 1998 ஜூலையில் மயக்க ஊசி போட்டுப் பிடித்தது. பிடித்த குழுவின் மூளை டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தி. ஜெயமோகனின் ‘யானை டாக்டர்’ கதை வழியாகத் தமிழ் வாசகர்களுக்குத் தெரிந்த அதே டாக்டர் கே. அவர் பெயரில் பாதியைத்தான் யானைக்கு வைத்தார்கள். யானைக்கு மாநில எல்லை தெரியாது என்பார்கள். தெரியாமலே கடந்த எல்லைதான் அதற்குக் கூடுதலாக 26 வருட ஆயுளைத் தந்தது.

ஆளைக் கொன்ற காட்டு விலங்கை என்ன செய்வது? சுடுவதா, கூண்டில் அடைப்பதா, வேறு காட்டில் கொண்டுபோய் விடுவதா? இந்த மூன்றையும் நீலகிரி மாவட்டத்தின் கூடலூர், பந்தலூர் வட்டாரம் பார்த்திருக்கிறது. தீர்ப்பு காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. எனக்கு இதில் ஒரு கட்சி உண்டு. அதைச் சொல்வதற்கு முன் பழைய கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

வெள்ளைக்காரன் காலத்தில் கேள்வியே கிடையாது. ஆளைக் கொன்ற புலிக்குத் தலைவிலை. ஆளைக் கொன்ற யானையை கலெக்டர் ‘ரோக்’ என்று அறிவிப்பார். அறிவித்த பிறகு உரிமம் உள்ள எவரும் சுடலாம். சம்பாவத் பெண்புலி 436 பேரைக் கொன்றதாக அரசுக் கணக்கு. 1907இல் அதைச் சுட்ட ஜிம் கார்பெட் உலகப் புகழ் பெற்றார். நம் பக்கத்துக் காடுகளில் கென்னத் ஆண்டர்சன். இவர்கள் புத்தகங்களைப் படித்து வளர்ந்த தலைமுறைக்கு ஆட்கொல்லி என்றால் கதையின் கடைசிப் பக்கத்தில் செத்துக் கிடக்க வேண்டிய பிராணி.

அந்தக் காலத்திலும் யானையைப் பிடித்தார்கள். ஆனால் அது தண்டனை இல்லை, தொழில். மரம் இழுக்க ஆள் வேண்டியிருந்தது. ஆனைமலையில் குழி வெட்டி மேலே மூங்கிலும் தழையும் பரப்பி விழவைத்துப் பிடித்தார்கள். மைசூர் சமஸ்தானத்தில் காக்கனகோட்டையில் கெட்டா என்ற பெயரில் கூட்டத்தையே கபினி ஆற்றுக்கு விரட்டி, வளைத்துப் பிடித்தார்கள். மகாராஜாவின் விருந்தினர்களுக்கு அது ஒரு காட்சி. கடைசி கெட்டா 1971இல். சென்னை மாகாணம் 1873இலேயே காட்டு யானைகளைக் காக்கச் சட்டம் போட்டது உண்மைதான். அதற்குக் கருணையை விட, உழைக்கிற மிருகத்தை வீணாகச் சுட்டுத் தள்ளுகிறார்களே என்கிற கணக்குதான் பெரிய காரணம்.

ஆகக்கூடி, ஆளைக் கொன்ற யானையைச் சுட்டார்கள். ஒரு பாவமும் அறியாத கூட்டத்தைப் பிடித்து வாழ்நாள் முழுக்கச் சங்கிலியில் வைத்தார்கள். இதில் யாருக்கும் உறுத்தல் இருந்ததாகத் தெரியவில்லை.

1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மனித உயிருக்கு ஆபத்தான விலங்கை வேட்டையாட அனுமதி தரும் அதிகாரம் கலெக்டர் கையைவிட்டு மாநிலத்தின் தலைமை வன உயிரினக் காப்பாளர் கைக்குப் போனது. 2003இல் நடைமுறைக்கு வந்த திருத்தம் இன்னும் இரண்டு பூட்டுப் போட்டது. பிடிக்கவோ, மயக்கவோ, இடம் மாற்றவோ முடியாது என்று அவருக்கு உறுதியானால் ஒழியக் கொல்ல உத்தரவிடக் கூடாது. பிடித்த விலங்கைத் திரும்பக் காட்டில் வாழவைக்க முடியாது என்று காரணத்தை எழுத்தில் பதிவு செய்யாமல் அடைத்து வைக்கவும் கூடாது. இன்று நடக்கும் வழக்கு, மறியல், முகநூல் சண்டை எல்லாம் இந்த இரண்டு வரிகளைச் சுற்றித்தான் நடக்கின்றன.

சட்டம் மாறியது சரி, ஊர் எப்படி இருந்தது? அதைப் பார்க்காமல் இந்த விஷயத்தைப் பேச முடியாது.

கூடலூர், பந்தலூர் பக்கம் ஒரு காலத்தில் நிலம்பூர் கோவிலகத்தின் ஜன்ம நிலம், அதாவது பரம்பரைச் சொத்து. காடும் வயலும் பனியர், குறும்பர், காட்டுநாயக்கர் குடியிருப்புகளும்தான். தேயிலைத் தோட்டங்கள் வந்தன. பிறகு 1964இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம். இலங்கை மலையகத்தில் தலைமுறைகளாகக் கொழுந்து பறித்த தமிழர்கள், தாயகம் திரும்பியோர் என்ற பெயரில் கப்பலேறி வந்தார்கள். அவர்களுக்கு வேலை தருவதற்காக 1968இல் அரசே தேயிலைத் தோட்டம் போட்டது, இன்றைய டேன்டீ. சேரம்பாடி, கொளப்பள்ளி, நெல்லியாளம் என்று காட்டைத் திருத்தித் தேயிலை நட்டார்கள். வந்தவர்கள் கேட்டு வாங்கிய இடம் அல்ல அது. அரசு காட்டிய இடம். யானை காலங்காலமாக முதுமலைக்கும் வயநாட்டுக்கும் நிலம்பூருக்கும் போய்வந்துகொண்டிருந்த வழியில் அரசே கொண்டுபோய் அவர்களைக் குடிவைத்தது.

அடுத்து 1969இல் ஜன்ம நில ஒழிப்புச் சட்டம். அதன் 17ஆவது பிரிவில் வருகிற நிலங்கள் யாருக்கு என்ற வழக்கு அரை நூற்றாண்டாக இழுத்துக்கொண்டிருக்கிறது. இந்த நிலங்களில் வீடு கட்டிப் பேரன் பேத்தி எடுத்தவர்களுக்கும் பட்டா இல்லை. பட்டா இல்லாததால் பல வீடுகளுக்கு மின் இணைப்பு கிடைக்கவில்லை. ‘செக்‌ஷன் 17’ என்று அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். யானை விவகாரத்தில் இதை எதற்கு இழுக்கிறேன் என்றால், இருட்டு முக்கியமான சாட்சி.

சாயங்காலம் ஆறரை மணிக்கு ஒரு எஸ்டேட் பாடியைப் பாருங்கள். பாடி என்பது தொழிலாளர்களின் வரிசை வீடுகள். தகரக் கூரை, முன்னால் ஒரு திண்ணை, கொல்லையில் இரண்டு வாழை, ஒரு பலா. பலா பழுக்கும் மாதங்களில் அந்த வாசனை காட்டுக்குள் எவ்வளவு தூரம் போகும் என்று யானைக்குத்தான் தெரியும். பேருந்து நிறுத்தத்திலிருந்து பாடிக்குப் போகிற பாதை தேயிலைச் செடிகளுக்கு நடுவே வளைந்து போகும். விளக்கு இல்லை. மேகம் இறங்கிவிட்டால் பத்தடிக்கு அப்பால் நிற்பது பாறையா யானையா என்று தெரியாது. ரேஷன் அரிசியைத் தலையில் வைத்துக்கொண்டு வருகிறவருக்குக் கையில் செல்போன் வெளிச்சம்தான். கழிப்பறை இல்லாத வீடுகளில் விடியுமுன் ஒதுங்கப் போயாக வேண்டும். யானை இறங்குகிற நேரமும் அதேதான். ஆள் செத்த செய்திகளை எடுத்துப் பாருங்கள்: வேலை முடிந்து திரும்பும்போது, விடிகாலை வெளியே வந்தபோது, கதவைத் திறந்து என்ன சத்தம் என்று பார்த்தபோது.

அடுத்து நடப்பதும் ஒரே மாதிரிதான். சடலத்தை எடுக்கவிடாமல் சாலை மறியல். ஆர்டிஓ வருவார், வன அலுவலர் வருவார். ‘யானையைப் பிடி, இல்லாவிட்டால் சுடு.’ இழப்பீட்டில் முதல் தவணைக் காசோலை. அந்தக் கூட்டத்தின் கோபத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. கோவையிலும் சென்னையிலும் உட்கார்ந்து யானைக்காகக் கையெழுத்து இயக்கம் நடத்துகிறவர்களுக்கு அந்த வீட்டு வாசலில் அரை மணி நேரம் நிற்க வாய்க்க வேண்டும்.

புலி விஷயத்தில் அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசம் பத்து வருடத்துக்குள்ளேயே தெரிந்துவிட்டது. 2014 ஜனவரியில் ஊட்டி தொட்டபெட்டா பக்கம் மூன்று பேரைக் கொன்ற புலியைச் சுட்டார்கள். 2016இல் கூடலூர் தேவர்சோலைப் பக்கம் தோட்டத் தொழிலாளியைக் கொன்ற புலிக்கும் அதே முடிவு. 2021இல் மசினகுடி, கூடலூர்ப் பகுதியில் நான்கு பேரைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட டி-23 புலிக்கும் அக்டோபர் தொடக்கத்தில் வேட்டை உத்தரவு வந்தது. உயர் நீதிமன்றம் குறுக்கிட்டு, உடனே கொன்றுவிடாதீர்கள் என்றது. ட்ரோன், மோப்ப நாய், கும்கி யானை, கேரளத்திலிருந்தும் ஆட்கள் என்று பெரிய படையே இறங்கியது. கடைசியில் கைகொடுத்தது காட்டில் பிறந்து வளர்ந்த பழங்குடித் தடம் பார்ப்பவர்களின் கண். மூன்று வாரத் தேடலுக்குப் பிறகு அக்டோபர் 15இல் மயக்க ஊசி போட்டு உயிரோடு பிடித்து, மைசூருவில் உள்ள மறுவாழ்வு மையத்துக்கு அனுப்பினார்கள். உடம்பெல்லாம் காயம். வயதான புலி, சொந்த எல்லையை இளம் புலியிடம் இழந்த பிறகு மானைத் துரத்த முடியாமல் மாட்டுக்கு வந்து, மாட்டிலிருந்து மாடு மேய்ப்பவருக்கு வந்தது. பெரும்பாலான ஆட்கொல்லிகளின் கதை இதுதான்.

2024 ஜனவரியில் பந்தலூரில் மூன்று வயதுக் குழந்தையைக் கொன்ற சிறுத்தையை மறுநாளே பிடித்து வண்டலூர் அண்ணா உயிரியல் பூங்காவுக்குக் கொண்டுபோனார்கள். ஜார்க்கண்டிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்த குடும்பத்தின் குழந்தை. சுட்டிருந்தால் ஊரில் யாரும் வருத்தப்பட்டிருக்க மாட்டார்கள். சுடாமல் பிடித்ததாலும் யாருக்கும் நட்டம் இல்லை.

யானையை அடைப்பது வேறு கதை. அதைப் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும்.

கரால் என்பது தைல மரக் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிப் பூட்டிய சதுரக் கூண்டு. நீளம் அகலம் பதினைந்தடி வாக்கில் இருக்கும். யானை நின்ற இடத்திலேயே திரும்பலாம், நடக்க முடியாது. கட்டை இடுக்கில் துதிக்கை வெளியே வரும். பாகன் கை உள்ளே போகும். முதல் சில நாட்கள் யானை கட்டையோடு மல்லுக்கு நிற்கும். முட்டி முட்டி நெற்றித் தோல் உரியும். காயத்துக்கு வெளியிலிருந்தே மருந்தைப் பீய்ச்சுவார்கள். பாகனும் காவடியும் அங்கேயே குடியிருப்பார்கள். காவடி என்பது உதவிப் பாகன். கரும்பு நீட்டுவார்கள், வெல்லம் நீட்டுவார்கள், பேசுவார்கள், பாட்டுப் பாடுவார்கள். ராத்திரி பகல் எந்நேரமும் ஒரே குரல், ஒரே வாசனை. ஒருநாள் அந்தக் கையிலிருந்து யானை வாங்கித் தின்னும். அங்கிருந்துதான் மற்றதெல்லாம். சொல்லுக்குக் காலைத் தூக்குவது, உட்காருவது, முதுகில் ஆள் ஏறவிடுவது. மாதங்கள் ஆகும். பழைய நாளில் அடியும் பட்டினியும் அங்குசமும் இதில் ஒரு பங்காக இருந்தன. இன்று குறைந்திருக்கிறது என்கிறார்கள், நம்புகிறேன். பதினைந்தடிக் கூண்டில் மாதக்கணக்கில் நிறுத்துவதே போதுமான கொடுமைதான். அதை மென்மையாகச் சொல்லி மழுப்ப வேண்டியதில்லை.

கராலுக்கு வெளியே வந்த பிறகு கிடைக்கிற வாழ்க்கை சர்க்கஸ் கூண்டு அல்ல, கோயில் வாசல் கொட்டடியும் அல்ல. காலையில் மாயாற்றில் குளியல். ராகி, கொள்ளு, அரிசிச் சோற்றோடு வெல்லமும் உப்பும் பிசைந்த கவளம். எந்த யானைக்கு எத்தனை கிலோ என்று பலகையில் பெயர் போட்டு எழுதியிருப்பார்கள். மருத்துவர் உண்டு. மேய்ச்சலுக்குக் காட்டுக்குள் விடுவார்கள். காலில் சங்கிலி இருக்கும், அது இழுபட்ட தடத்தைப் பார்த்துப் பாகன் காலையில் கண்டுபிடித்துக் கூட்டி வருவார். வயதானால் ஓய்வும் உண்டு. 2021இல் சேரம்பாடிப் பக்கம் மூன்று பேரைக் கொன்ற குற்றத்தில் பிடிபட்ட சங்கர் என்ற யானையும் இப்படித்தான் கராலில் கிடந்து, பிறகு கும்கியாக மாறியது. சுதந்திரம் போனது. உயிர் இருக்கிறது, காடும் பாதி இருக்கிறது. புலிக்கும் சிறுத்தைக்கும் அந்தப் பாதிகூடக் கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவற்றுக்குக் கம்பியும் சிமெண்டும்தான்.

இதைப் பார்த்துக் கலங்கிய நல்லவர்கள் கண்டுபிடித்த மூன்றாவது வழிதான் இடமாற்றம். பிடி, கழுத்தில் ரேடியோ காலர் கட்டு, வேறு காட்டில் விடு. கொல்லவும் இல்லை, அடைக்கவும் இல்லை. காதுக்கு இதமாக இருக்கிறது. நடந்ததைப் பார்ப்போம்.

2022 டிசம்பரில் பந்தலூர்ப் பகுதியில் வீடுகளை உடைத்து அரிசி தின்று, தேவாலா பக்கம் ஒரு பெண்ணைக் கொன்ற மக்னாவைப் பிடித்தார்கள். வனத்துறை ஏட்டில் பி.எம்.2, ஊர் வைத்த பெயர் அரிசி ராஜா. காலர் கட்டி முதுமலைக் காட்டில் விட்டார்கள். ஒரு மாதத்துக்குள் வயநாட்டில் சுல்தான் பத்தேரி நகரத் தெருவில் நின்றது. நடந்துபோன ஒருவரைத் தாக்கியது. கேரளம் அதைப் பிடித்து முத்தங்கா கராலில் அடைத்தது. நாம் செய்யத் தயங்கியதைப் பக்கத்து மாநிலம் செய்தது. 1998இல் கேரளத்திலிருந்து நமக்கு வந்தது, 2023இல் நம்மிடமிருந்து அங்கே போனது.

அதே 2023இல் தர்மபுரியில் பிடித்து ஆனைமலையில் விட்ட இன்னொரு மக்னா நடந்தே கோவை மாநகர எல்லைக்கு வந்தது. மறுபடி பிடித்து மானாம்பள்ளியில் விட்டார்கள். மறுபடி பொள்ளாச்சி சரளபதித் தென்னந்தோப்புகளுக்கு இறங்கியது. ஜூலை கடைசியில் மூன்றாம் முறை பிடித்துச் சின்னக்கல்லாறு பக்கம் விட்டார்கள். ஒரே ஆண்டில் மூன்று மயக்க ஊசி, மூன்று லாரிப் பயணம்.

அரிக்கொம்பனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இடுக்கி சின்னக்கானலில் ரேஷன் கடையை உடைத்து அரிசி தின்றதால் வந்த பெயர். யானைக் காட்டின் நடுவில் 2000களின் தொடக்கத்தில் 301 குடும்பங்களுக்குக் கேரள அரசு பட்டா கொடுத்துக் குடியேற்றிய இடம் அது. நம் டேன்டீ கதைக்கு அண்ணன் தம்பி. அடைக்கத்தான் முதலில் நினைத்தார்கள். நீதிமன்றம் மறுத்தது. பரம்பிக்குளத்தில் விடலாம் என்றதும் அங்குள்ள மக்கள் கொதித்தார்கள். கடைசியில் 2023 ஏப்ரல் 29இல் பிடித்துப் பெரியாறு காப்பகத்தில் விட்டார்கள். மே 27 காலை கம்பம் தெருவுக்குள் ஓடியது. ஊருக்கு 144 தடை. பைக்கில் போன ஒருவர் அடிபட்டுச் சில நாளில் இறந்தார். ஜூன் 5இல் தமிழக வனத்துறை பிடித்து, களக்காடு முண்டந்துறையின் மேல்கோதையாறுப் பக்கம் கொண்டுபோனது. செப்டம்பரில் மாஞ்சோலை எஸ்டேட்டில் அதைப் பார்த்து மக்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டார்கள். சின்னக்கானலாவது நிம்மதி அடைந்ததா என்றால் அதுவும் இல்லை. அங்கே சக்கக் கொம்பன் என்று இன்னொரு யானை.

கேரளத்தில் அரிக்கொம்பனுக்கு ரசிகர் மன்றம் உண்டு, பிளக்ஸ் போர்டு உண்டு. யானைக்குப் பெயர் வைக்கிறோம். அந்த யானையால் செத்தவருக்குச் செய்தியில் ‘கூலித் தொழிலாளி’ என்பதோடு சரி. கம்பத்தில் இறந்தவர் பெயர் உங்களில் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது?

யானைக்குமே இந்த இடமாற்றம் கருணை இல்லை. ‘தண்ணீர்க் கொம்பன்’ என்ற யானையைக் கர்நாடகம் ஹாசனில் பிடித்துப் பந்திப்பூரில் விட்டது. அது மானந்தவாடி ஊருக்குள் வந்தது. 2024 பிப்ரவரி 2இல் கேரளம் மயக்க ஊசி போட்டுத் திரும்பப் பந்திப்பூருக்கு லாரியில் அனுப்பியது. மறுநாள் செத்துப் போனது. சில வாரங்களில் இரண்டு முறை மருந்து, இரண்டு முறை லாரி, நாள் முழுக்கக் கூட்டத்தின் கூச்சல்.

இதெல்லாம் தற்செயல் இல்லை என்பதற்கு ஆராய்ச்சியும் இருக்கிறது. மகாராஷ்டிரத்தில் ஜுன்னார் பகுதியில் 2001க்குப் பிறகு கரும்புத் தோட்டச் சிறுத்தைகளை நூற்றுக்கு மேல் பொறிவைத்துப் பிடித்து, ஒரு பகுதியை வேறு காடுகளில் விட்டார்கள். அதற்கு முன் ஆண்டுக்குச் சராசரி 4 ஆக இருந்த மனிதர் மீதான தாக்குதல் 17 ஆக ஏறியது என்று வித்யா அத்ரேயா குழுவினர் பதிவு செய்தார்கள். இலங்கையில் 12 ஆண் யானைகளுக்குக் காலர் கட்டி இடம் மாற்றிப் பார்த்தார்கள். சில பழைய இடம் தேடித் திரும்பின, சில ஊர் ஊராக அலைந்தன, சிலதான் விட்ட பக்கம் தங்கின. பிரச்சினை தீரவில்லை, ஊர்தான் மாறியது. அந்த ஆய்வின் தலைப்பே ஏறக்குறைய இதைத்தான் கேட்டது. வளர்ந்த ஆண் யானைக்கு முந்நூறு நானூறு சதுர கிலோமீட்டர் காடு மனப்பாடம். எங்கே நீர், எந்த மாதம் எங்கே பலா என்று தெரிந்த மிருகத்தைத் தெரியாத காட்டில் இறக்கிவிட்டால் அது மனித வாசனை உள்ள பக்கம்தான் நடக்கும். சோறு அங்கே இருக்கும் என்று அதற்குத் தெரியும்.

ஆகவே என் கட்சி இது. இன்ன விலங்குதான் என்று தடத்தாலும் படத்தாலும் உறுதியாகி, அது திரும்பத் திரும்ப ஆளைக் கொன்றிருந்தால் அடைத்துவிடுவதே சரி. யானை என்றால் அருகிலுள்ள முகாமில். புலி, சிறுத்தை என்றால் காட்சிக்கு வைக்காத கூண்டில். ஆள் கொலை உறுதியான புலியைத் திரும்பக் காட்டில் விடாமல் அங்கீகாரம் பெற்ற உயிரியல் பூங்காவுக்கு அனுப்பும்படிதான் தேசியப் புலிகள் காப்பக ஆணையத்தின் நெறிமுறையும் சொல்கிறது. யானைக்கும் அதே நேர்மை வேண்டும். இன்னொரு ஊரின் தலையில் சத்தமில்லாமல் கொண்டுபோய் இறக்குவது கருணை என்று பெயர் சூட்டிய கைகழுவல்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அடைப்பதற்கு ருசி கண்டுவிட்டால் எல்லாவற்றையும் அடைக்கத் தோன்றும். 2019இல் சின்னத்தம்பி என்ற யானையை என்ன செய்தோம்? கோவை தடாகம் பக்கம் வாழையும் கரும்பும் தின்றதைத் தவிர அது யாரையும் கொல்லவில்லை. ஆனைமலையில் விட்டோம். திரும்பத் தன் இடம் தேடி நடந்து உடுமலை, மடத்துக்குளம் பக்கம் கரும்புத் தோட்டத்தில் நின்றது. மக்கள் பக்கத்தில் போய் வேடிக்கை பார்த்தார்கள், அது ஒன்றும் செய்யவில்லை. பிப்ரவரியில் அதையும் பிடித்து வரகளியாறு கராலில் அடைத்தோம். கொன்றதைச் சுட்டு, கொல்லாததைப் பிடித்த காக்கனகோட்டைக் காலத்துக்கும் இதற்கும் எவ்வளவு தூரம்? பயிர் தின்கிற யானையையெல்லாம் அடைப்பதானால் மேற்குத் தொடர்ச்சி மலைக் கட்டை முழுவதையும் வெட்டிக் கரால் கட்ட வேண்டும். ஒரு யானைக்குப் பாகன், காவடி, தீனி, மருத்துவம் என்று நாற்பது ஐம்பது வருடச் செலவு. ஜுன்னார் மாணிக்டோ மையத்தில் பிடித்த சிறுத்தைகள் கூண்டில் ஆயுளைக் கழிக்கின்றன. கூண்டுக்கும் கொள்ளளவு உண்டு.

ஒன்றை அடைத்தால் அந்த இடத்துக்கு இன்னொன்று வரும் என்பதும் மெய். சேரம்பாடியில் பிடித்தார்கள், அடுத்து ஓவேலியில் ஆள் செத்தார். காட்டுக்குள் உண்ணிச்செடி புதர் மண்டிப் புல்லை விழுங்கிக்கொண்டிருக்கிறது; வழித்தடத்தில் ரிசார்ட்டும் மின்வேலியும். யானை வெளியே வராமல் என்ன செய்யும்?

வால்பாறைக்காரர்கள் வேறு மாதிரி யோசித்தார்கள். அங்கே யானையால் இறந்தவர்கள் பெரும்பாலும் யானை பக்கத்தில் நிற்பது தெரியாமல் போய் மாட்டிக்கொண்டவர்கள் என்பதை இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் ஆனந்தகுமார் குழு கணக்கெடுத்துக் காட்டியது. யானை எங்கே நிற்கிறது என்ற செய்தி முதலில் உள்ளூர் கேபிள் டிவியில் ஓடியது. பிறகு தமிழில் குறுஞ்செய்தி. பிறகு பாதையோரக் கம்பங்களில் செல்போனால் எரியவைக்கிற சிவப்பு விளக்கு. பக்கத்தில் யானை இருந்தால் விளக்கு எரியும், வேலை விட்டு வருகிறவர் பஸ்ஸை விட்டு இறங்காமலே தெரிந்துகொள்வார். விளக்கைப் போடுவதும் உள்ளூர் ஆட்கள்தான். சாவு வெகுவாகக் குறைந்தது. ஒரு யானையைப் பிடித்து லாரியில் ஏற்றுவதற்கு ஆகிற செலவில் எத்தனை விளக்குக் கம்பம் நடலாம் என்று யாராவது ஒரு சட்டமன்ற உறுப்பினர் கேள்வி கேட்டு வாங்கினால் நன்றாக இருக்கும்.

விலங்கு விஷயத்தில் துப்பாக்கியிலிருந்து கராலுக்கும், கராலிலிருந்து காலருக்கும் வந்திருக்கிறோம். சட்டம் மாறியது, நீதிமன்றம் பேசியது, ட்ரோன் வந்தது. இழப்பீட்டுத் தொகைகூட ஏறி 10 லட்சத்துக்கு வந்துவிட்டது. பாடிக்குப் போகிற பாதைதான் 1968இல் எப்படி இருந்ததோ அப்படி இருக்கிறது.

கூடலூர்க்காரர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த முறை ஆர்டிஓவிடம் மனு கொடுக்கும்போது ‘யானையைப் பிடி’ என்ற வரியோடு நிறுத்திவிடாதீர்கள். பிரிவு 17 வீடுகளுக்கு மின் இணைப்பு, ஒவ்வொரு பாடிக்கும் வீட்டோடு கழிப்பறை, இருட்டிய பிறகு பாடி வாசல் வரை வண்டி, வால்பாறையில் எரிகிற சிவப்பு விளக்கு: இவற்றையும் தேதி போட்டு எழுதி வாங்குங்கள். மறியலை முடிப்பது அதற்குப் பிறகு இருக்கட்டும்.